ஏட்டின் தோற்றம் எவருக்காக?



‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பார்கள். ஆளுக்குப் பொருந்துவது ஏட்டுக்கும் பொருந்தும் என்று கருதி, நம் சங்கத்தின் விக்கித் தளத்திற்குப் புத்தாடை தைக்க வேண்டும் என்று சென்ற செயற்குழுவில் ஒரு தீர்மானம் வந்தது. பொங்கல் விழாவில் மிஞ்சிய தொகையை வெளியார் நிறுவனம் ஒன்றிடம் கொடுத்து, தளத்தின் தோற்றம் முழுவதையும் மாற்றிவிடலாம் என்பது அதன் சாரம். மாதிரிப் படத்தையும் திரையில் காட்டினார்கள். மேலே கோபுரம். இரு பக்கமும் பொன்னிறக் கரை. பின்னால் பனையோலை. நடுவில் ஐந்து படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருந்தன. தலைப்புகள் கல்வெட்டில் பொறித்தவை போல வளைந்து நெளிந்து நின்றன. கூட்டம் கைதட்டியது. கைதட்டாத சிலருள் நானும் ஒருத்தி. பொதுக்குழு கூடுவதற்கு முன் அதன் காரணத்தைச் சொல்லிவிடுவது என் கடமை என்று நினைக்கிறேன்.

நம் தளம் எதற்காக இருக்கிறது? தலைநகருக்குப் புதிதாகப் படிக்க வரும் தமிழ் மாணவர் கேட்கும் கேள்விகளுக்கு விடை தருவதற்காக. விடுதிக்கு என்றைக்குள் மனுச் செய்ய வேண்டும், தமிழில் உள்ள சான்றிதழை மொழிபெயர்த்துச் சான்றொப்பம் பெறுவது எப்படி, குளிர் இறங்குமுன் ரஜாய் எங்கே வாங்கலாம், நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் எந்த வாயில் வழியாக மருத்துவரிடம் போவது என்பன போன்ற செய்திகள் அங்கே உள்ளன. ஆண்டுதோறும் வந்து போன மாணவர்கள் எழுதி, அடுத்து வந்தவர்கள் திருத்திச் சேர்த்த செல்வம் அது. அதைப் படிப்பவர் பெரும்பாலும் நம் சங்கத்தில் இன்னும் உறுப்பினர் ஆகாதவர். தமிழ்நாடு எக்ஸ்பிரசில் மேல் படுக்கையில் கிடந்து, நாகபுரிக்கும் இட்டார்சிக்கும் இடையே கைப்பேசியில் இணையம் வந்து வந்து போகும்போது, நாளை எங்கே போய் நிற்பது என்று தேடுகின்ற பதினெட்டு வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளையின் கண்ணில் நின்று பார்த்தால் கோபுரமும் ஓடும் படங்களும் என்ன ஆகும்? படங்கள் வந்து சேரும்வரை பக்கம் வெள்ளையாகக் கிடக்கும். விடுதியின் வாசல் தெரிவதற்கு முன் கோபுர வாசல் திறக்கக் காத்திருக்க வேண்டும்.

விக்கி என்பது என்ன என்று இரண்டு சொல் சொல்லிவிடுகிறேன்; கணினியோடு பழகாத நண்பர்கள் பொறுத்தருள்க. வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்கர் 1995-இல் முதல் விக்கித் தளத்தை அமைத்தார். ஹவாய் மொழியில் ‘விக்கி’ என்றால் விரைவு. ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய பேருந்தின் பெயரை நினைவில் வைத்து அவர் இப்பெயரை இட்டார். படிப்பவரே எழுதலாம், எழுதியதைப் பிறர் திருத்தலாம், திருத்தியது தவறானால் பழையதை மீட்கலாம் என்பதே அதன் உயிர். 2001-இல் விக்கிப்பீடியாவும், 2003-இல் தமிழ் விக்கிப்பீடியாவும் தோன்றின. அவற்றை இயக்கும் மீடியாவிக்கி என்ற மென்பொருளை யாரும் விலையின்றி எடுத்தாளலாம். நம் தளமும் அதில்தான் ஓடுகிறது.

அந்த மென்பொருளில் பொருள் வேறு, தோற்றம் வேறு. கட்டுரையின் சொற்கள் ஓரிடத்தில் இருக்கும். அவை எந்த எழுத்தில், எந்த நிறத்தில், பக்கத்தின் எந்த மூலையில் தெரிய வேண்டும் என்ற விதிகள் மற்றோரிடத்தில் இருக்கும். அந்த விதித்தொகுதியை ‘ஸ்கின்’ என்கிறார்கள். தோல் என்று பொருள். ஒரே உடலுக்குப் பல தோல்கள். விக்கிப்பீடியாவே பாம்பைப் போலத் தோலை உரித்துக்கொண்டு வந்திருக்கிறது. 2004-இல் மோனோபுக், 2010-இல் வெக்டர், அண்மையில் வெக்டர் 2022. உள்ளே இருந்த கட்டுரைகள் அப்படியே இருக்க, மேலே உள்ளது மாறியது.

தோற்றத்தை மாற்ற வழிகள் நான்கு உண்டு. கணக்கு வைத்திருப்பவர் தமக்குப் பிடித்த தோலைத் தேர்ந்துகொள்வது ஒன்று. தமக்கென ஒரு விதியேட்டை எழுதி, தம் திரையில் மட்டும் மாற்றிக்கொள்வது மற்றொன்று. தளம் முழுவதற்கும் உரிய பொது விதியேட்டில் எழுதி, எல்லார் திரையிலும் மாற்றுவது மூன்றாவது. முற்றிலும் புதிய தோல் ஒன்றை நிரலாகவே எழுதிப் பொருத்துவது நான்காவது. முதல் இரண்டும் அவரவர் விருப்பம். அறையில் யார் எந்தப் படத்தை மாட்டிக்கொள்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. தீர்மானம் கேட்பது நான்காவதை. நமக்கு வேண்டியது மூன்றாவது என்பது என் கட்சி.

இனி எழுத்துக்கு வருகிறேன். இங்கேதான் என் மனம் அதிகம் நிற்கிறது.

நான் ஜாம்ஷெட்பூரில் வளர்ந்தவள். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும்; தமிழ் வீட்டில் மட்டும். எழுத்தைக் கற்றது நாட்காட்டித் தாளில். பாட்டி ஒவ்வொரு நாளும் கிழித்த தாளைக் கையில் கொடுத்து, பெரிய எழுத்தில் இருக்கும் கிழமையையும் திதியையும் கூட்டி வாசிக்கச் சொல்வாள். இன்றும் தமிழை நான் ஆங்கிலத்தின் பாதி வேகத்தில்தான் படிக்கிறேன். பூனாவிலும் பிலாயிலும் கல்கத்தாவிலும் வளர்ந்து இங்கு வந்து சேர்ந்த நண்பர்கள் பலருக்கும் இதே நிலைதான். மதுரையிலும் நெல்லையிலும் படித்துவிட்டு வந்தவர்களுக்கு எழுத்து எப்படி இருந்தாலும் சொல் தெரிந்துவிடுகிறது. அவர்கள் கண் சொல்லை முழுதாக விழுங்குகிறது. எங்களுக்கு ஒவ்வொரு எழுத்தும் ஒரு படிக்கட்டு. படி வழுக்கினால் தமிழ்ப் பக்கத்தை மூடிவிட்டு ஆங்கிலப் பக்கத்துக்குப் போய்விடுவோம். போனவர் திரும்புவது அரிது. ஆகவே எழுத்தின் அளவும் வரியின் நீளமும் எனக்கு வெறும் அலங்காரப் பேச்சாகப் படவில்லை. நம்மில் எத்தனை பேர் தமிழ் படிப்போம் என்பதே அதில் அடங்கியிருக்கிறது.

மீடியாவிக்கியின் தோல்கள் ஆங்கிலக் கண்ணுக்காக அளந்து தைக்கப்பட்டவை. ஆங்கில எழுத்துக்குப் போதுமான அளவு தமிழுக்குப் போதாது. ‘ண’வின் சுழிகளும் ‘ஞ’வின் வளைவும் சிறு அளவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, தடித்த எழுத்தாக்கினால் சுழிக்குள் இருக்கும் வெளி அடைந்து மசிப்பொட்டு ஆகிறது. ஆங்கிலத்தில் நூற்பெயரைச் சாய்வெழுத்தில் இடும் வழக்கம் உண்டு. அங்கே சாய்வெழுத்துக்கென்று தனி வார்ப்பு உண்டு, அதற்கு ஐந்நூறு ஆண்டு வரலாறும் உண்டு. நமக்கு அந்த மரபு இல்லை. உலாவி நம் எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது, அவ்வளவே. புயலில் சாய்ந்த வாழைத்தோப்பைப் போல இருக்கிறது அது. சாய்வு வரும் இடங்களில் தமிழுக்கு மேற்கோள் குறியோ வேறு நிறமோ போதும் என்று பொது ஏட்டில் விதி எழுதிவிடலாம். இரண்டே வரி வேலை.

இணைப்புச் சொல்லின் கீழே இழுக்கும் கோட்டைப் பாருங்கள். ‘கு’, ‘மு’, ‘டு’, ‘ரூ’ ஆகியவை கீழ்நோக்கி வால் விடுபவை. கோடு அந்த வாலை வெட்டிக்கொண்டு போனால் குறிலா நெடிலா என்பதே மறைந்துவிடும். இக்கால உலாவிகள் வால் வரும் இடத்தில் கோட்டை விட்டுவிட்டுப் போகின்றன. அப்போது கோடு துண்டுதுண்டாகத் தெரிகிறது. கோட்டைச் சற்றுக் கீழே இறக்கினால் இரண்டு தொல்லையும் தீரும். மேலே கொக்கி போடும் ‘கி’, ‘கீ’ உண்டு. கீழே வால் விடும் ‘கூ’ உண்டு. ஆதலால் வரிக்கும் வரிக்கும் இடையே தமிழுக்குக் கூடுதல் வெளி வேண்டும். எழுத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு வரியுயரம் வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. தமிழுக்கு அதற்கும் சிறிது மேலே போனாலும் தவறில்லை என்பேன்.

பத்தியின் இரு விளிம்பையும் நேராக வெட்டி நிறுத்துவது மாதிரிப் படத்தில் இருந்த மற்றோர் ‘அழகு’. அச்சில் அது அழகுதான். ஏன்? அச்சில் நம்மவர்கள் வரி முடியும் இடத்தில் சொல்லைத் தயங்காமல் உடைத்து, மீதியை அடுத்த வரியில் வைப்பார்கள். பழைய நாவல்களையும் செய்தித்தாள்களையும் எடுத்துப் பாருங்கள். இணைப்புக் குறிகூட இல்லாமல் சொல் மடிந்து கிடக்கும். உலாவி அப்படி உடைப்பதில்லை. ‘எழுதிக்கொண்டிருந்தவர்களுக்காகவும்’ என்ற சொல் வரியில் இடம் இல்லையென்றால் முழுதாக அடுத்த வரிக்குத் தாவும். விட்டுப்போன இடத்தை மற்ற மூன்று சொற்களுக்கு இடையே பங்கிட்டு நிரப்ப வேண்டிவரும். கைப்பேசியின் குறுகிய திரையில் இதனால் ஏற்படும் ஓட்டைகளை எண்ணிப் பாருங்கள். பல் விழுந்த வாய்! தமிழுக்கு இடப்பக்கம் மட்டும் நேராக நிற்பதே நலம். வலப்பக்கம் எப்படியும் போகட்டும்.

எழுத்துருவைப் பற்றி ஒரு சொல். கல்வெட்டைப் போன்ற அந்த அலங்கார எழுத்து அழைப்பிதழுக்கு நன்று. ஆனால் அச்சுக்கூடங்களில் புழங்கும் அழகெழுத்துகளில் பல ஒருங்குறியில் அமையாதவை. அவற்றில் எழுதியதைத் தேடினால் கிடைக்காது. எடுத்து வேறிடத்தில் ஒட்டினால் புரியாத குறிகளாகும். இதற்காகத் தலைப்புகளைப் படமாகவே வைத்துவிடலாம் என்று கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னார்கள். பார்வையற்றோர்க்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் படத்திலுள்ள எழுத்தை நம்பி நடக்க முடியாது. நம் பல்கலைக்கழகத்தில் பார்வையற்ற மாணவர் படிப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம் அல்லவா? ஆண்டிராய்டு கைப்பேசியிலும் விண்டோசுக் கணினியிலும் தெளிவான தமிழ் எழுத்துரு முன்பே இருக்கிறது. அதையே பயன்படுத்தினால் எதையும் புதிதாக இறக்க வேண்டாம். ரயிலில் இருக்கும் பிள்ளைக்கும் உடனே தெரியும்.

பனையோலைப் பின்னணி நம் தொன்மையின் சின்னம் என்றார் ஒரு நண்பர். ஓலையை நானும் வணங்குகிறேன். ஆயினும் ஓலையின் தோற்றத்திலிருந்து நம் இலக்கியத்தை மீட்கத்தான் அறிஞர்கள் கண்ணை இழந்து உழைத்தார்கள் என்பதை மறக்கலாமா? ஓலையில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இராது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிடுவார்கள் என்று சொல்வதுண்டு. எது பாட்டு, எது உரை என்று பிரித்தறிவதே பெரும்பாடு. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பாட்டையும் நச்சினார்க்கினியர் உரையையும் கற்பவர் கண்ணுக்குத் தெளிவாக அமைத்து, முன்னுரையும் குறிப்பும் சேர்த்து வெளியிட்டார். இக்காலத்துச் சொல்லில் கூறினால் அவர் அந்த நூலின் தோலையும் மாற்றினார். அவர் ஒதுக்கிய தோற்றத்தை நாம் காசு கொடுத்துத் திரையில் வரைவதா? பழுப்பு ஓலையின்மேல் பழுப்பு எழுத்து எழுதினால் நிறவேறுபாடும் போதாது. பின்னணிக்கும் எழுத்துக்கும் ஒளிவேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது உலகளவில் ஏற்கப்பட்ட அணுகுதல் நெறி. அளக்கும் கருவிகள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. மாதிரிப் படத்தை வைத்து அளந்து பாருங்கள் என்று முன்மொழிந்தவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் வேதியியல் படிப்பவள். ஆய்வுக்கூடத்தில் அமிலப் புட்டிக்கு யாரும் பூ வரைந்த சீட்டை ஒட்டுவதில்லை. அவசரத்தில் கை நீட்டுபவன் ஒரே பார்வையில் பெயரைப் படிக்க வேண்டும். அதற்காக அந்தச் சீட்டு அழகற்றது என்று யார் சொல்வார்?

‘புதுமை என்றாலே எதிர்ப்பவர்கள் உண்டு, பழகினால் சரியாகிவிடும்’ என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2023 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு வெக்டர் 2022 வந்தபோது பெரும் பூசல் எழுந்தது. வரியின் நீளத்தை மட்டுப்படுத்தி, பொருளடக்கத்தை இடப்பக்கம் கொண்டுவந்து நிறுத்தியது அத்தோற்றம். பெரிய திரையில் இருபுறமும் வெள்ளையாக வீணாகிறது என்று நூற்றுக்கணக்கானோர் குறை கூறிப் பழையதற்கே திரும்பக் கோரினர். ஒருமித்த முடிவு எட்டவில்லை, புதியதே நின்றது. நீண்ட வரி கண்ணை அலைக்கழிக்கும் என்பது அச்சுக் கலைஞர் நெடுங்காலமாகச் சொல்லி வருவது. ஒரு வரியில் 80 எழுத்துக்கு மேல் போகாதே என்று அணுகுதல் நெறியும் கூறுகிறது. தமிழ்நாட்டு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோதும் ‘லை’யும் ‘னை’யும் துதிக்கையை இழந்தனவே என்று வருந்தியவர் உண்டு. இன்று எங்களுக்குத் துதிக்கை இருந்ததே பாட்டி சொல்லித்தான் தெரியும். அந்த மாற்றங்கள் நிலைத்ததற்குப் பழக்கம் மட்டும் காரணம் ஆகாது. கற்பவனுக்கும் அச்சுக் கோப்பவனுக்கும் சுமை குறைந்தது. கோபுரமும் பொற்கரையும் யாருடைய சுமையைக் குறைக்கின்றன என்று தீர்மானத்தில் ஒரு வரி இருந்திருந்தால் நானும் கை உயர்த்தியிருப்பேன்.

அந்தப் பூசலில் என் கவனத்தை இழுத்தது வேறொன்று. சண்டையிட்டவர்கள் பெரும்பாலும் கணக்கு வைத்திருப்பவர்கள். அவர்கள் ஒரு பொத்தானை அழுத்திப் பழைய தோலுக்குத் திரும்பிவிடலாம். பலர் திரும்பியும் விட்டார்கள். கணக்கில்லாத வாசகருக்கு அந்த உரிமை இல்லை. 2024-இல் எழுத்தளவையும் அகலத்தையும் இருள்நிறத்தையும் அவர்களே மாற்றிக்கொள்ளும் வசதி வந்தது. ஆனால் எந்தத் தோல் என்பது இன்றும் கொடுத்ததைக் கொள்வதுதான். வாக்கு உள்ளவருக்கு மாற்று உண்டு. மாற்று இல்லாதவருக்கு வாக்கு இல்லை. நம் தளத்திலும் நிலை இதுவே. பொதுக்குழுவில் கை உயர்த்தப் போகிறவர் நாம். பார்க்கப் போகிறவர் வேறு.

நம்முள் கணினி அறிந்த அண்ணன்மார் பலர் தத்தமக்கென விதியேடு எழுதிவைத்திருக்கிறார்கள். அது நல்ல கலை. அதைக் குறை சொல்ல நான் யார்? வலை நடைவிதிகளை 1994-இல் ஹாக்கன் வியூம் லீ முன்மொழிந்தபோதே எழுதியவரின் விருப்பமும் படிப்பவரின் விருப்பமும் கலந்து தோற்றம் அமைய வேண்டும் என்பதுதான் எண்ணம். ஆனால் இதில் ஒரு கேடு ஒளிந்திருக்கிறது. முதலாண்டு மாணவி ஒருத்தி, தளத்தில் மருத்துவப் பக்கத்தின் அட்டவணை கைப்பேசியில் பாதி வெட்டுண்டு போகிறது என்றாள். மூத்தவர் ஒருவர் தம் திரையைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, எனக்கு நல்லாத்தானே தெரியுது!” என்றார். தெரியாமல் என்ன? அட்டவணையைச் சுருக்கும் விதியைத் தம் ஏட்டில் அவர் என்றோ எழுதிவிட்டார். தம் வீட்டு ஓட்டையை அடைத்துக்கொண்டவருக்குத் தெருவில் மழை பெய்வது தெரியவில்லை. முகவரியின் இறுதியில் ‘சேஃப்மோட்’ என்ற சொல்லைச் சேர்த்து ஒன்று என்று இட்டால், சொந்த அலங்காரம் எல்லாம் விலகி மென்பொருளின் இயல்பான முகம் தெரியும். கணக்கிலிருந்து வெளியேறிப் பார்த்தாலோ அயலார் காணும் முகமே தெரியும். மாதம் ஒருமுறை இரண்டையும் செய்துபார்க்க வேண்டும் என்று மூத்தவர்களை வேண்டுகிறேன். தமக்கு எழுதிக்கொண்ட நல்ல விதி எதுவோ அதைப் பொது ஏட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

வெளியார் நிறுவனம் செய்து தரும் தோலைப் பற்றி எனக்குள்ள பெரிய அச்சம் வேறு. நாம் இங்கே இருப்பது இரண்டு ஆண்டு. ஆய்வு மாணவரானால் ஐந்தாறு. மென்பொருளோ நம்மைக் கேட்காமல் வளர்கிறது. மீடியாவிக்கியின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளில் 1.39 என்பது 2022-இல் வந்தது; 1.43 என்பது 2024-இல் வந்தது. ஆதரவு முடிந்த பதிப்பில் தங்கினால் பாதுகாப்புக் குறைகளை யாரும் அடைக்கமாட்டார்கள். முன்னேறினால், பழைய பதிப்புக்கு அளவெடுத்துத் தைத்த தோல் புதிய உடம்பில் ஏறாமல் கிழியலாம். அப்போது தைத்தவரிடம் மறுபடி பணம் கொண்டு போக வேண்டும். தைக்கச் சொன்னவரோ பட்டம் பெற்றுப் பெங்களூரில் இருப்பார். பொது விதியேடு அப்படி அன்று. அதுவும் ஒரு விக்கிப் பக்கம். யார், எந்த நாளில், எந்த வரியை, ஏன் மாற்றினார் என்ற வரலாறு அதிலேயே இருக்கும். அடுத்த ஆண்டு வருபவர் படித்துப் புரிந்துகொள்ளலாம். பிடிக்காவிட்டால் ஒரு சொடுக்கில் பழையதை மீட்கலாம். பதிப்பு மாறும்போது சில வரிகள் பொருந்தாமல் போனாலும் அந்த வரிகளைத்தான் திருத்த வேண்டும், தளம் விழாது.

இந்த ஏட்டைத் திருத்தும் சாவியை எல்லார் கையிலும் கொடுக்க முடியாது என்பதும் உண்மை. அதோடு இணைந்த நிரலேடு படிப்பவர் ஒவ்வொருவரின் உலாவியிலும் ஓடும். தீய எண்ணம் கொண்டவர் கையில் அது கன்னக்கோல். விக்கிப்பீடியாவே 2018-இல் இப்பக்கங்களைத் திருத்தும் உரிமையைப் பொது நிருவாகிகளிடமிருந்தும் பிரித்து, இடைமுக நிருவாகிகள் என்ற சிறு குழுவினரிடம் ஒப்படைத்தது. நமக்கும் இருவர் போதும். ஒருவர் மூத்தவர், மற்றவர் முதலாண்டு மாணவர். ஒருவர் போகும்போது மற்றவருக்குப் பழக்கம் இருக்கும்.

அழகே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். வங்காளத்து நண்பர்களின் தளத்தையும் மலையாளத்து நண்பர்களின் தளத்தையும் பார்த்துவிட்டு நம்மவர்க்கு ஆசை பிறந்தது இயல்பே. முதற்பக்கத்தின் தலையில் ஒரு நிறம், நம் சங்கத்தின் சின்னம், பொங்கல் வாரத்தில் மட்டும் ஒரு கரும்பு. இவற்றை மறுப்பவர் யார்? விக்கிப்பீடியாக்கள்கூட விழா நாளில் சின்னத்தைச் சிங்காரித்துக்கொள்கின்றன. ஓடும் படங்களுக்கு மட்டும் நான் ஒருபோதும் இணங்கமாட்டேன். படித்துக்கொண்டிருக்கும்போதே ஓடிப்போகிற ஒன்றை யார் படிப்பது?

சொல்லிக்கொண்டிருப்பதைவிடக் காட்டுவது நலம் என்று, நண்பர்கள் இருவரோடு சேர்ந்து மாதிரி விதியேடு ஒன்றை எழுதியிருக்கிறேன். நாற்பது வரிகூட இல்லை. எழுத்தளவு, வரியுயரம், வரியின் நீள எல்லை, சாய்வுக்கு மாற்று, கோட்டின் இறக்கம், அட்டவணையைத் திரைக்குள் அடக்கித் தனியே நகர்த்தும் விதி ஆகியவை அதில் உள்ளன. மேசைக் கணினிக்கு எழுதியது கைப்பேசித் தோற்றத்துக்கும் தானே போய்ச் சேரும் என்று நம்பக்கூடாது. ஆகையால் கைப்பேசிக்குத் தனியே சோதித்தோம். ஒவ்வொரு வரிக்கும் மேலே அது ஏன் வந்தது என்று தமிழிலேயே குறிப்பு எழுதியிருக்கிறோம். என் கணக்கின் துணைப்பக்கமாக அது இருக்கிறது. கணக்குள்ளவர்கள் நகலெடுத்துத் தம் ஏட்டில் ஒட்டி ஒரு வாரம் பழகிப் பார்க்கலாம்.

பொதுக்குழுவுக்கு வரும்போது இருப்பவற்றுள் மிகப் பழைய, மிக மலிவான கைப்பேசியைக் கொண்டுவாருங்கள். இரண்டு தோற்றங்களிலும் மருத்துவப் பக்கத்தைத் திறப்போம். இரவில் அழைக்க வேண்டிய எண்ணை எதில் முதலில் கண்டுபிடிக்கிறோம் என்று பார்ப்போம். தேடுவதற்கு முதலாண்டு மாணவர்களையே அழைத்திருக்கிறேன். அவர்களுள் இருவர் நாசிக்கிலும் ராஞ்சியிலும் வளர்ந்தவர்கள்; தமிழை என்னைவிட மெதுவாகப் படிப்பவர்கள். வாக்கெடுப்பை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுமாறு செயலாளர் அண்ணனிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.